பத்தாண்டு மின்கலப் புகை எச்சரிக்கைக் கருவி: வீவக வீட்டில் அது ஏன் வீணாக அலறுகிறது?

சிங்கப்பூரில் புதிதாகக் கட்டப்படும் வீடுகளிலும், தீப்பாதுகாப்பு வரைபட ஒப்புதல் தேவைப்படும் அளவுக்குப் புதுப்பிக்கப்படும் பழைய வீடுகளிலும், வீட்டுத் தீ எச்சரிக்கைக் கருவி இருந்தாக வேண்டும் என்ற விதி 2018ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதற்கு முன்பே கட்டி முடிக்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்றாலும், அவற்றில் குடியிருப்போரும் ஒன்றை வாங்கி மாட்டிக்கொள்வது நல்லது என்று, தீயணைப்பைக் கவனிக்கும் குடிமைத் தற்காப்புப் படை சொல்லிவருகிறது. அப்படி விருப்பத்தின் பேரில் ஒரு பழைய நாலறை வீட்டுக்கு வாங்கப்பட்ட கருவியைப் பற்றியதே இந்த மதிப்பீடு. கருவியைச் செய்த நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் நிறைகுறைகள் பெரும்பாலும் அந்த ஒரு நிறுவனத்துக்கு உரியவை அல்ல, கடைகளில் இன்று கிடைக்கும் இந்த வகைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானவை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கருவி நல்ல கருவி, வாங்கலாம். அதைப் பற்றி எழும் புகார்களில் பெரும்பகுதி, அது மாட்டப்பட்ட இடத்தைப் பற்றிய புகார்களாகவே இருக்க வேண்டும்.

உள்ளங்கை அளவே உள்ள வெள்ளை வட்டம். சுவரிலிருந்து மின்கம்பி இழுக்க வேண்டியதில்லை. லித்தியம் மின்கலம் உள்ளேயே வைத்து மூடப்பட்டிருப்பதால் அதை மாற்றவும் முடியாது, கழற்றவும் முடியாது. அடித்தட்டைக் கூரையில் பொருத்தி, கருவியை அதில் வைத்துத் திருகியதும் இயங்கத் தொடங்கிவிடும். இஎன் 14604 என்ற ஐரோப்பியத் தரநிலைப்படி சோதிக்கப்பட்டது என்ற முத்திரை பின்புறத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். அந்தத் தரநிலை, 3 மீட்டர் தொலைவில் குறைந்தது 85 டெசிபல் ஒலி கேட்க வேண்டும் என்பதிலிருந்து, கனன்று எரியும் மரம், கனன்று எரியும் பருத்தித் திரி, கொழுந்துவிட்டு எரியும் மெத்தை நுரை, எரியும் திரவம் என்ற நான்கு வகைத் தீயையும் கருவி உரிய நேரத்தில் கண்டுகொள்ள வேண்டும் என்பது வரை பல நிபந்தனைகளை விதிக்கிறது. இது தனித்து இயங்கும் கருவி. ஒலித்தால் தீயணைப்பு நிலையத்துக்குத் தானாகத் தகவல் போகும், வண்டி வந்து நிற்கும், பிறகு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும் என்று அஞ்சுவோர் என் சுற்றத்திலேயே உண்டு. அப்படி எதுவும் நடக்காது. உண்மையாகவே தீ பிடித்தால் 995 என்ற எண்ணை நாம்தான் அழைக்க வேண்டும்.

வீண் ஒலியின் காரணத்தைத் தேடுவதற்கு முன்பு, கருவிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். இன்று விற்பனையாகும் வீட்டுக் கருவிகளில் பெரும்பாலானவை ஒளிவழி உணர்பவை. உள்ளே கறுப்புச் சுவர்களாலான சிறிய இருட்டறை ஒன்று இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைச் சில விநாடிகளுக்கு ஒரு முறை உமிழும் எல்இடி. அதற்கு நேரெதிரில் இல்லாமல், ஒரு கோணத்தில் ஒதுங்கி, ஒளியை அறியும் கண். காற்று தூய்மையாக இருக்கும்வரை அந்தக் கண்ணில் ஏறக்குறைய ஒளியே படாது. புகைத் துகள்கள் உள்ளே நுழைந்ததும் ஒளி அவற்றில் பட்டுச் சிதறி, ஒரு பகுதி கண்ணில் விழுகிறது. அது ஒரு வரம்பைத் தாண்டினால் கருவி அலறுகிறது. ஆக, கருவி அறிவது தீயை அன்று, ஒளியைச் சிதறடிக்கும் துகள்களை. கடுகு தாளிக்கும்போது எழும் எண்ணெய்ச் சிதறலும், குளியலறை நீராவியும், முகப்பவுடரும், கொசு மருந்துப் புகையும், தீப்பற்றிய மெத்தையின் புகையும் அந்தக் கண்ணுக்கு ஒரே இனம்தான்.

இதனால்தான் இடம் முதன்மை பெறுகிறது. அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 72 விதித்தொகுப்பு, நிலையாக வைக்கப்பட்ட அடுப்பிலிருந்து 10 அடிக்குள், அதாவது ஏறக்குறைய 3 மீட்டருக்குள், சாதாரணப் புகைக் கருவியை மாட்டுவதைத் தவிர்க்கச் சொல்கிறது. 10 அடியிலிருந்து 20 அடி வரையுள்ள இடைவெளியில் மாட்டுவதானால் அது ஒளிவழி உணரும் வகையாகவோ, தற்காலிகமாக ஒலியை அடக்கும் பொத்தான் உள்ளதாகவோ இருக்க வேண்டும் என்று அதன் முந்தைய பதிப்புகள் கூறின. குளிக்கும் வசதியுள்ள அறையின் கதவிலிருந்தும், குளிர்காற்று வெளிவரும் வாயிலிலிருந்தும் குறைந்தது 3 அடி தள்ளி மாட்ட வேண்டும் என்பதும் அதே தொகுப்பில் உள்ளது. இந்த அளவுகள் விசாலமான அமெரிக்க வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்றாலும், பெரும்பாலான நாலறை வீடுகளில் இவற்றைக் கடைப்பிடிக்க இடம் இருக்கிறது. படுக்கையறைகளின் வாசல்கள் சந்திக்கும் சிறு நடைபாதையின் கூரை, சமையலறையிலிருந்து தள்ளியும் உறங்குவோருக்கு அருகிலும் இருப்பதால், ஒரே ஒரு கருவி வாங்குவோருக்கு அதுதான் உகந்த இடம். ஆனால் பல பழைய வீடுகளில் பொதுக் குளியலறை சமையலறையை ஒட்டியே அமைந்திருக்கிறது. அந்த மூலைக்கு அருகில் கருவியை மாட்டினால் எண்ணெய்ப் புகையும் நீராவியும் மாறிமாறி வந்து மோதும்.

அளவு நாடாவை வைத்துத் தொலைவை மட்டும் அளந்தால் போதாது, காற்று எப்படி நகர்கிறது என்றும் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் நாள் முழுவதும் சுழலும் கூரை விசிறியும், சமையலறைப் பின்பக்கச் சன்னல் வழியாக உள்ளே வீசும் காற்றும் சேர்ந்து, தாளித்த புகையை வெளியே விடாமல் வரவேற்பறைக்குள் தள்ளிவிடும். அடுப்புக்கு மேலே மாட்டப்படும் புகை உறிஞ்சிகள் எல்லாம் புகையை வெளியேற்றுகின்றன என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். வெளியே செல்லும் குழாய் இல்லாத வகை, எண்ணெய்ப் பசையை வடிகட்டிவிட்டுக் காற்றை அதே அறைக்குள் திருப்பி விடுகிறது; மிக நுண்ணிய துகள்களில் ஒரு பங்கு அந்த வடிகட்டியைத் தாண்டி வந்துவிடும். தோசைக்கல் பழக்கும் நாளிலும், காய்ந்த மிளகாய் வறுக்கும் நாளிலும் அந்த வகை உறிஞ்சியை நம்பியிருக்க முடியாது. சமையலறைக் கதவைச் சாத்தி, பின்பக்கச் சன்னலை முழுவதும் திறந்து, வரவேற்பறை விசிறியைச் சற்று நேரம் நிறுத்தி வைப்பது செலவில்லாத தீர்வு. இதற்குப் பிறகும் கருவி அலறினால்தான் அதை இடம் மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

காரணம் எது என்று உறுதி செய்துகொள்வதற்கு, கருவி எந்த நேரத்தில் ஒலித்தது, அப்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று நாட்காட்டியின் ஓரத்தில் குறித்து வருவதைக் காட்டிலும் சிறந்த வழியை நான் அறியேன். சமைக்கும் நேரத்தில் மட்டும் ஒலித்தால் ஐயத்துக்கு இடமில்லை. யாரோ வெந்நீரில் குளித்துவிட்டுக் கதவைத் திறந்த சில நிமிடங்களுக்குள் ஒலித்தால் நீராவி. விடியற்காலையிலோ, குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டு அறைக் கதவையும் சன்னல்களையும் திறக்கும்போதோ ஒலித்தால், பலருக்கும் தோன்றாத ஒரு காரணத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரின் காற்றில் ஈரம் மிகுதி; ஆண்டின் பெரும்பாலான நாள்களில் 24 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பநிலைக்குக் குளிர்ந்த பரப்பு எதன்மீதும் அந்த ஈரம் நீராகப் படியத் தொடங்கிவிடும். இரவெல்லாம் குளிர்சாதனக் காற்று நேராகப் பட்டுச் சில்லிட்டுப்போன கருவிக்குள் வெளிக்காற்று நுழையும்போது, இருட்டறைக்குள் மெல்லிய பனிப்படலம் உருவாகி ஒளியைச் சிதறடிக்கிறது. இந்த நிலையில் புதிய கருவி வாங்கிப் பயனில்லை. குளிர்காற்று நேரே படாத இடத்துக்கு நகர்த்தினாலே தொல்லை நின்றுவிடும்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் மட்டும் ஒலிப்பதாகச் சொல்லும் வீடுகளில் காரணத்தை வெளியே தேட வேண்டியதில்லை. சாம்பிராணிப் புகை, ஒளிவழிக் கருவி மிக நன்றாக உணரும் வகையைச் சேர்ந்தது. கனலும் கரியின்மீது தூவப்படும் பொருளின் புகை, கனன்று எரியும் மரத்தின் புகையிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று. கற்பூரச் சுடரும் கரிப்புகையை எழுப்பும், ஆனால் ஒரு வில்லையின் அளவுக்குப் பெரும்பாலும் தொல்லை இராது. ஊதுபத்தி ஒன்றிரண்டு ஏற்றினால் நடைபாதையில் உள்ள கருவி பொருட்படுத்துவதில்லை என்பதே என் அனுபவம். பூசை மாடத்துக்கு நேர் மேலே மாட்டியிருந்தால் நிலைமை வேறு. பெரிய சோதனை கிரகப்பிரவேச நாளில்தான் வரும். புதிய வீட்டுக்குச் சாவி வாங்கியதும் கணபதி ஹோமம் செய்யும் குடும்பங்கள், விதிப்படி முன்கூட்டியே மாட்டப்பட்டிருக்கும் கருவியைப் பிளாஸ்டிக் பையால் கட்டிவிடுவதைப் பார்க்கிறோம். ஹோமம் நடக்கும் நேரத்தில், பக்கத்தில் ஆள் இருந்து தீயைக் கண்காணிக்கும்போது, தற்காலிகமாக அப்படி மூடி வைப்பதில் பெரிய பிழை இல்லை. சிக்கல் அதற்குப் பிறகுதான்: விருந்தினர் போய், இலை எடுத்து, வீட்டைக் கழுவிவிட்ட பின்பும் அந்தப் பை கூரையிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். பையை அவிழ்க்கும் பொறுப்பை அன்று காலையிலேயே ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படைத்துவிட வேண்டும். ஹோமம் முடிந்ததும் கருவியின் விளிம்புத் துளைகளில் படிந்திருக்கும் சாம்பலை, மென்மையான தூரிகை பொருத்திய தூசு உறிஞ்சியால் எடுத்துவிடுவதும் அவசியம்.

நம் வீட்டில் எதுவுமே புகையாதபோது ஒலித்தால் சன்னலுக்கு வெளியே பார்க்க வேண்டும். சீனர்களின் ஏழாம் மாதத்தில் புளோக்குகளின் கீழே உள்ள தொட்டிகளில் காணிக்கைத் தாள் எரிக்கப்படும்போது, தாழ்ந்த தளங்களில் இருப்போருக்குப் புகையும் சாம்பலும் நேராக வந்து சேரும். டெங்கிக் கொசுவை ஒழிக்க அடிக்கும் மருந்துப் புகை இதைவிட மோசமானது. அது எண்ணெய் கலந்த நுண்துளிகளின் மேகம் என்பதால், கருவியை அலறவைப்பதோடு நில்லாமல் இருட்டறைக்குள் படலமாகப் படிந்து, அடுத்து வரும் வாரங்களிலும் அதை எளிதில் சிலிர்க்கவைக்கும். புகையடிப்பு பற்றிய அறிவிப்பு மின்தூக்கிக்கு அருகில் ஒட்டப்பட்டிருந்தால் அந்த நேரத்தில் சன்னல்களைச் சாத்திவிடுவது போதுமானது.

பூச்சிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இஎன் 14604 தரநிலை, 1.3 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டை இருட்டறைக்குள் நுழைய முடியாதபடி வலை இருக்க வேண்டும் என்கிறது. அதைவிடச் சிறிய பூச்சிகள் ஏராளம். இங்கிலாந்தில் அறுவடைக் காலத்தில் வயல்களிலிருந்து கிளம்பும் இலைப்பேன்கள் வீட்டுக் கருவிகளுக்குள் புகுந்து அலறவைப்பது பழைய தொல்லை. நம் வீடுகளில் விளக்கொளிக்கு வரும் குறும்பூச்சிகளும், அவற்றைத் தேடிக் கூரையோரத்தில் வலை பின்னும் சிறு சிலந்திகளும் அந்த வேலையைச் செய்கின்றன. காரணமே புலப்படாமல், நள்ளிரவில் சில விநாடிகள் ஒலித்துவிட்டுத் தானே அடங்கிவிடும் கருவியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது பூச்சியைத்தான். கருவியைக் கூரை விளக்கிலிருந்து தள்ளி மாட்டுவதும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை துளைகளைச் சுற்றித் தூசு உறிஞ்சியை ஓட்டுவதும் இதற்குப் போதும். பூச்சி மருந்தைக் கருவியின்மீது நேரடியாக அடிப்பது மட்டும் கூடவே கூடாது. அந்தத் துளிகளே அடுத்த அலறலுக்கு வழிவகுக்கும்.

வாங்கிய புதிதில் அமைதியாக இருந்து, சில ஆண்டுகள் கழித்துத் தொட்டதற்கெல்லாம் ஒலிக்கும் கருவிகளுக்கு உள்ள காரணம் தூசு. இருட்டறையின் கறுப்புச் சுவர்மீது சாம்பல் நிறத் தூசு படியப் படிய, புகை இல்லாதபோதே கண்ணில் சிறிது ஒளி விழத் தொடங்குகிறது. வரம்பை எட்டுவதற்கு அதன்பின் கொஞ்சம் புகையே போதும். நல்ல கருவிகள் இந்த மெதுவான மாற்றத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு வரம்பைத் தாமாகவே உயர்த்திக்கொள்கின்றன. வாங்கும்போது விவரத்தாளில் இந்த ஈடுகட்டும் வசதி குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது, கைப்பேசிச் செயலி இருக்கிறதா என்று பார்ப்பதைவிட முக்கியம். வீட்டைப் புதுப்பிக்கும்போது தரை உடைக்கும் தூசும் சுவர் தேய்க்கும் தூசும் ஒரே வாரத்தில் பல ஆண்டுத் தூசை உள்ளே சேர்த்துவிடும். வேலை தொடங்கும் முன் கருவியுடன் வந்த மூடியை மாட்டி, வேலை முடிந்த அன்றே எடுத்துவிட வேண்டும். சாயம் பூசுபவர்கள் கூரையோடு சேர்த்துக் கருவிக்கும் வெள்ளை அடித்துவிடுவது உண்டு; அப்படிப்பட்ட கருவியைக் காப்பாற்ற முயலாமல் மாற்றிவிடுவதே சரி.

இதுவரை சொன்னது தொடர்ச்சியான அலறலைப் பற்றி. நிமிடத்துக்கு ஒரு முறை அளவில் ‘கீச்’ என்று ஒற்றை ஒலி கேட்டால் அது வேறு செய்தி: மின்கலம் தீரப்போகிறது, அல்லது கருவி பழுதாகிவிட்டது, அல்லது அதன் ஆயுள் முடிந்துவிட்டது. மின்கலம் தீரும் எச்சரிக்கை குறைந்தது 30 நாள்கள் நீடிக்க வேண்டும் என்று ஐரோப்பியத் தரநிலை சொல்வதால், அந்தக் கீச்சொலியை யாரும் கவனிக்காமல் விட வாய்ப்பில்லை. கவனித்தும் பொறுத்துக்கொள்பவர்கள்தான் இருக்கிறார்கள். இது பெரும்பாலும் இரவில் தொடங்குவதாகத் தோன்றுவதற்கும் காரணம் உண்டு. மின்கலம் குளிரும்போது அதன் உள்மின்தடை உயர்ந்து மின்னழுத்தம் சற்று இறங்குகிறது. பகலில் வரம்புக்கு மேலே தட்டுத்தடுமாறி நின்ற மின்கலம், குளிர்சாதனம் ஓடும் இரவில் வரம்புக்குக் கீழே போய்விடுகிறது. 9 வோல்ட் மின்கலம் போடும் பழைய வகைகளில் மாற்றிவிடலாம். பத்தாண்டு வகையில் கீச்சொலி வந்தால் கருவியையே மாற்ற வேண்டும், உத்தரவாதக் காலம் மீதமிருந்தால் விற்ற கடையில் கேட்கலாம். மின்கலம் மூடப்பட்டிருப்பதை ஒரு குறையாகச் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதுவே இதன் தலையாய சிறப்பாகப் படுகிறது. வீண் ஒலியால் எரிச்சலடைந்தவர் முதலில் செய்யக்கூடியது மின்கலத்தைப் பிடுங்கிவிடுவது, இந்த வகையில் அதற்கு வழியில்லை.

ஒலியடக்கும் பொத்தானைப் பொறுத்தவரை நான் மதிப்பிட்ட கருவி முழு மதிப்பெண் பெறுகிறது. முகப்பின் நடுப்பகுதி முழுவதுமே பொத்தான் என்பதால், நாற்காலி போட்டு ஏற வேண்டாம். துடைப்பத்தின் கைப்பிடியால் கீழிருந்தே அழுத்திவிடலாம். முதியவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு இது சிறிய வசதியன்று. அழுத்தியதும் ஏறத்தாழ பத்து நிமிடங்களுக்குக் கருவியின் உணர்திறன் குறைகிறது. முற்றிலும் செவிடாகிவிடுவதில்லை, புகை அடர்ந்தால் மீண்டும் அலறும். அந்த நேரம் கழிந்ததும் தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஒலியை அடக்குவதை மிகவும் எளிதாக்குவதிலும் ஆபத்து இருக்கிறது என்பதற்குக் கூகுள் பின்னர் வாங்கிய நெஸ்ட் நிறுவனத்தின் நெஸ்ட் புரொடெக்ட் கருவி சான்று. 2013இல் வெளிவந்த அந்தக் கருவியின்முன் கையை அசைத்தாலே ஒலி அடங்கும் வசதி இருந்தது. தீ பிடித்த பதற்றத்தில் அங்குமிங்கும் ஓடுபவரின் அசைவையே அடங்கச் சொல்லும் சைகையாக அது எடுத்துக்கொள்ளக்கூடும் என்று தெரியவந்ததும், 2014 ஏப்ரலில் விற்பனையை நிறுத்திவைத்து, மென்பொருள் வழியாக அந்த வசதியை முடக்கினார்கள். பொத்தானை அழுத்துவதில் உள்ள சிறிய சிரமம் இருக்கட்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சுவரை எடுத்துவிட்டு வரவேற்பறையோடு இணைத்த திறந்த சமையலறை உள்ள வீடுகளுக்கு மேலே சொன்ன எதுவும் முழுமையான தீர்வாகாது. அங்கே சாத்துவதற்குக் கதவே இல்லை. அத்தகைய வீட்டுக்கு இரண்டு கருவிகளை, ஒன்று ஒலித்தால் மற்றதும் ஒலிக்கும் வகையில் வாங்குவதே பொருத்தம்: அடுப்பிருக்கும் பகுதிக்கு வெப்ப எச்சரிக்கைக் கருவி, படுக்கையறைப் பக்கம் புகைக் கருவி. வெப்பக் கருவி புகையையோ ஆவியையோ பொருட்படுத்தாது. சுற்றியுள்ள காற்று சூடேறினால் மட்டும் ஒலிக்கும். வீட்டுக்கான ஏ1 வகுப்புக் கருவிகள் 54 முதல் 65 பாகை செல்சியஸுக்குள் ஒலிக்குமாறு வடிவமைக்கப்படுகின்றன. ஸ்காட்லாந்தில் 2022 பிப்ரவரியிலிருந்து எல்லா வீடுகளிலும் சமையலறைக்கு வெப்பக் கருவியும், வரவேற்பறைக்கும் நடைபாதைகளுக்கும் புகைக் கருவியும், அனைத்தும் ஒன்றோடொன்று இணைந்தவாறு இருக்க வேண்டும் என்று சட்டமே உள்ளது. ஆனால் வீண் ஒலி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக வீடு முழுவதும் வெப்பக் கருவியை மட்டும் மாட்டுவது கூடாது. மெத்தையில் கனலும் நெருப்பு, அறை சூடாவதற்கு வெகுநேரம் முன்பே உறங்குபவரின் மூச்சை அடைத்துவிடும்.

இணையத்தில் வெளிநாட்டுக் கருவிகளை மலிவாக வாங்குவோர் கவனிக்க வேண்டிய ஒன்று, அது அயனி வகையா என்பது. அந்த வகையில் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கத் தனிமம் மிகச் சிறிய அளவில் இருக்கும். அது காற்றை அயனியாக்கி ஓட்டும் மெல்லிய மின்னோட்டம், புகை நுழைந்ததும் குறைவதைக் கொண்டு கருவி ஒலிக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்களை இது சட்டென்று உணர்வதால், கொழுந்துவிட்டு எரியும் தீயை முந்திக்கொண்டு காட்டும், அதே காரணத்தால் ரொட்டி வாட்டினாலும் எண்ணெய் காய்ந்தாலும் அலறும். கனன்று புகையும் தீயைக் காட்டுவதில் ஒளிவழிக் கருவிக்குப் பின்தங்கிவிடும். பிரான்சில் வீடுகளில் இதற்கு இடமில்லை. நம் சமையலுக்கு இது சற்றும் ஒத்துவராது. இன்னொரு முனையில், நீல ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் மாறிமாறிச் செலுத்தி, சிதறும் விகிதத்தை வைத்துத் துகளின் பருமனைக் கணக்கிடும் புதிய கருவிகள் வரத் தொடங்கியிருக்கின்றன. அமெரிக்காவின் யூஎல் 217 தரநிலையின் எட்டாம் பதிப்பு, இறைச்சி வாட்டும் புகைக்கு அவசரப்பட்டு ஒலிக்கக் கூடாது என்ற சோதனையைச் சேர்த்ததே இந்த முன்னேற்றத்துக்கு முக்கியத் தூண்டுதல். அந்தச் சோதனையில் தேறியது என்ற குறிப்புள்ள கருவி கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்து வாங்கலாம். ஆனால் தாளிப்பு அந்தச் சோதனையில் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

நான் மதிப்பிட்ட கருவியில் எனக்குப் பிடிக்காதவையும் உண்டு. விளக்கத்தாளின் எழுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடி கேட்கும் அளவுக்குச் சிறியது; குளிர்சாதனத்தால் படியும் ஈரத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை, வெப்பமண்டல நாட்டில் விற்கப்படும் பொருளுக்கு அது கவனக்குறைவு. ஒலித்து அடங்கிய பிறகு, ‘நான்தான் ஒலித்தேன்’ என்று விளக்கால் காட்டும் நினைவுக் குறியும் இல்லை. வெளியே போயிருந்தபோது ஒலித்ததா என்று தெரிந்துகொள்ள அண்டை வீட்டாரைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. துளையிடத் தயங்குவோருக்காகப் பெட்டியில் ஒட்டுப்பட்டை ஒன்றும் வருகிறது. சுண்ணாம்பு உதிரும் பழைய கூரையில் அது நெடுநாள் தாங்காது, திருகாணிதான் சரி. சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்கச் சொல்கிறார்கள். அது மின்சுற்றையும் ஒலிப்பானையும் சோதிக்கும்; ஊதுபத்தியைக் கருவியின் வாயருகே பிடித்துச் சோதிக்கும் வழக்கம், உள்ளே பிசுக்கைச் சேர்ப்பதைத் தவிர வேறெதற்கும் உதவாது.

ஒலியைப் பற்றிக் கடைசியாக ஒன்று. 85 டெசிபல் என்பது 3 மீட்டர் தொலைவுக்குச் சொன்ன கணக்கு. சாத்திய கதவையும் குளிர்சாதனத்தின் இரைச்சலையும் தாண்டும்போது அது வெகுவாகக் குறைந்துவிடும். பெரும்பாலான கருவிகளின் ஒலி 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உச்சக் குரலில் அமைந்திருக்கிறது. வயதாகும்போது முதலில் மங்குவது அந்த உச்ச ஒலிகளைக் கேட்கும் திறன்தான். ஆழ்ந்து உறங்கும் முதியவர்களையும் செவித்திறன் குறைந்தவர்களையும் எழுப்புவதற்கு 520 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலி அதிகம் பயன்படுகிறது என்று ஆய்வுகள் காட்டியதை ஒட்டி, செவித்திறன் குறைந்தோர் உறங்கும் அறைகளுக்கு அமெரிக்க விதித்தொகுப்பு அந்த ஒலியையே கேட்கிறது. நான் மதிப்பிட்ட கருவியில் அந்த வசதி இல்லை. எனவே நடைபாதையில் இதை மாட்டிவிட்டு, தாத்தா பாட்டி உறங்கும் அறைக்கு, இதனோடு கம்பியில்லாமல் இணையக்கூடிய தாழ்ந்த ஒலிக் கருவியையோ, தலையணைக்கடியில் வைத்தால் அதிரும் துணைக்கருவியையோ தனியாகத் தேடி வாங்க வேண்டியிருக்கும். அதற்கு ஆகும் செலவு கருவியின் விலையைவிடக் கூடுதலாகவே இருக்கும். பொருத்திய நாளன்றே, பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் மாற்ற வேண்டிய ஆண்டைப் பார்த்து, அழியாத மையால் பக்கவாட்டில் பெரிதாக எழுதி வைத்துவிட்டால், அடுத்த முறை கூரையிலிருந்து கழற்றிப் பார்க்காமலே அதன் வயதைச் சொல்லிவிடலாம்.